கை சொன்ன குளிர்

ஃபிரிட்ஜ் மெக்கானிக் வீட்டுக்கு வந்தால் என்ன செய்வார்? நேரே பின்பக்கம் போவார், மோட்டாரைத் தட்டிப் பார்ப்பார், "கேஸ் போயிருக்கு" என்று நம் தலையில் குண்டைத் தூக்கிப் போடுவார். நான் சொல்லப்போகும் மெக்கானிக் அப்படியில்லை. வந்ததும் ஃபிரிட்ஜிலிருந்தே ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். குடிக்க அல்ல. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன தெர்மாமீட்டரை எடுத்து அதில் போட்டு, டம்ளரை நடுத்தட்டில் வைத்து, கதவைச் சாத்திவிட்டு, "அரை மணி நேரம் யாரும் தொடக்கூடாது" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அவசரக்காரர்களுக்கு எரிச்சல்தான்.

"முன்னல்லாம் கைய வச்ச உடனே சொல்லிடுவீங்களே. வயசாயிடுச்சா?" என்று கேட்பவர்கள் உண்டு.

"ஆமா, புத்தி வர்ற வயசு" என்பார். அதற்கு மேல் சொல்ல மாட்டார். சொல்லாததை நான் சொல்கிறேன்.

அவரை அவர் வேலை பார்க்கும் தெருக்களில் எல்லோரும் 'டிகிரி' என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவருக்கு ஊர் கொடுத்த பட்டம். பதினைந்து வயதில் ஐஸ் ஃபாக்டரியில் கட்டி தூக்கப் போனார். அங்கே கையை வைத்தே குளிரைச் சொல்லப் பழகிக்கொண்டார். பிறகு மெக்கானிக் வேலை கற்று, சொந்தமாகப் பை தூக்கியபோதும் அந்தப் பழக்கம் கூடவே வந்தது. கதவைத் திறப்பார், உள்ளே கையை நீட்டுவார், கண்ணை மூடுவார், "ஆறு" என்பார். யாராவது சந்தேகப்பட்டுக் கருவி வைத்துப் பார்த்தால் ஆறுதான் இருக்கும். வீட்டுக்காரர்கள் வாய் பிளப்பார்கள். இவருக்கு உள்ளுக்குள் குளிரும்.

அவரிடம் இரண்டு வசனங்கள் உண்டு. ஃபிரிட்ஜைத் திணித்து வைத்திருப்பவர்களிடம், "காத்து போக வழி விடுங்கம்மா, உள்ள மூச்சு முட்டுது" என்பார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசுபவர்களிடம், "கதவைச் சாத்திட்டுப் பேசுங்க, குளிர் போகுது" என்பார். முப்பது வருடமாக இதே பாட்டு.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்பார்களே, அந்தக் கதைதான் அவர் வீட்டு ஃபிரிட்ஜும். உடம்பு ஒன்றுடையது, கதவு இன்னொன்றுடையது, மோட்டார் யாரோ வேண்டாம் என்று கொடுத்தது. மேலே ஃப்ரீசர். அங்கிருந்து பின்சுவரில் இருக்கும் ஒரு கையளவுத் துவாரம் வழியாக விசிறி குளிர்காற்றைக் கீழே தள்ளும். அது ஓடுகிற சத்தம் கீழ்வீட்டுத் தையல்கார அம்மாவுக்குக்கூடக் கேட்கும். "உங்க வீட்டு வண்டி கிளம்பிடுச்சா?" என்று அவர் படியில் நின்று கேலி செய்வார்.

மனைவி ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்தவள். எதை எங்கே வைக்க வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதம். இவருக்கு எல்லாமே பைக்குள் போட்டுக் குலுக்கி எடுப்பதுதான். பிள்ளைகள் இல்லாத வீட்டில் சண்டை போட அவர்களுக்கு வேறு விஷயம் இல்லாததால், ஸ்பேனரும் ஸ்க்ரூ டிரைவரும் எங்கே கிடக்க வேண்டும் என்று இருபது வருடம் சந்தோஷமாகச் சண்டை போட்டார்கள்.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டன.

இரண்டு வருடம் டயாலிசிஸ். வாரத்துக்கு மூன்று நாள் அவளைக் கூட்டிப்போய், நாலு மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, திரும்பக் கூட்டி வருவார். வரும்போது அவள் பாதிப் படியில் நின்றுவிடுவாள். முதுகில் கை கொடுத்து ஏற்றுவார். தன் சிறுநீரகத்தைக் கொடுக்கத் துடித்தார், ரத்தம் சேரவில்லை. அன்று ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

அவளுக்கு ஒரு தங்கை. கல்யாணம் காட்சி என்று எதிலும் மாட்டிக்கொள்ளாமல், சந்தையில் மீன்கடை போட்டுத் தன் காலில் நிற்பவள். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். ரத்தம் சேராத கதையை இவர் போய்ச் சொன்னபோது, அவள் ஒரு பெரிய மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ரெண்டு நல்லா இருக்கு மாமா. அவகிட்ட ஒண்ணும் சரியில்ல. இதுல யோசிக்க என்ன இருக்கு? தள்ளி நில்லுங்க, சட்டையில தண்ணி தெறிக்குது."

அவ்வளவுதான் பேச்சு. சோதனைகள், கையெழுத்துகள், காத்திருப்பு எல்லாம் பின்னால் வந்தன. முடிவு அந்தச் செதில்களுக்கு நடுவிலேயே ஆகிவிட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தங்கை ஒரு வாரத்தில் தன் வீட்டுக்குப் போனாள். மூன்று வாரம் கழித்து அக்கா வந்தாள். இவருக்குத்தான் ஒரு புது வியாதி பிடித்துக்கொண்டது. கொழுந்தியாளிடம் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது? நன்றி என்ற சொல்லை அவர் மேடைப் பேச்சில்தான் கேட்டிருக்கிறார். குடும்பத்துக்குள் யார் யாருக்கு நன்றி சொல்கிறார்கள்? பந்தியில் தண்ணீர் ஊற்றினவனுக்குச் சொல்கிற அதே சொல்லையா ஒரு சிறுநீரகத்துக்கும் சொல்வது? வாயைத் திறப்பார், "உன் கடை ஐஸ் பெட்டியைக் கொஞ்சம் பாக்கட்டுமா?" என்று கேட்டுவிடுவார். அவள் ஓய்வில் இருந்த இரண்டு மாதத்தில், பூட்டிக் கிடந்த கடையைத் திறந்து அந்தப் பெட்டியை மூன்று முறை கழற்றி மாட்டினார்.

"மாமா, அந்தப் பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. உங்களுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு" என்றாள் அவள்.

மனைவியை வீட்டுக்கு அனுப்பும் முன், ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசகர் அம்மா இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். உடம்பு புதுச் சிறுநீரகத்தை வெளியே தள்ளிவிடாமல் இருக்க மருந்து கொடுக்கிறார்கள். அந்த மருந்து உடம்பின் காவலையும் குறைத்துவிடும். நமக்கு ஒரு நாள் வயிற்றுவலியோடு போகிற கிருமி அவளை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். முதல் சில மாதம் உயிரே சாப்பாட்டில்தான் இருக்கிறது என்றார்.

"வீட்டுல ஃபிரிட்ஜ் இருக்கா?"

"நான் ஃபிரிட்ஜ் மெக்கானிக்மா" என்று இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"நல்லதாப் போச்சு. பச்சைக் கறி, மீன் எல்லாம் எங்க வைப்பீங்க?"

"மேல் தட்டுல. ஃப்ரீசருக்குப் பக்கத்துல குளிர் ஜாஸ்தி."

"அதுலேர்ந்து ஒரு சொட்டு வடிஞ்சு, கீழ இருக்குற சமைச்ச சாப்பாட்டுல விழுந்தா?"

முப்பது வருடமாக ஃபிரிட்ஜின் குடலை உருவி மாலை போட்டவருக்கு, கறியின் தண்ணீர் கீழ்நோக்கித்தான் சொட்டும் என்பது அன்றுதான் உறைத்தது. அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். பச்சைக் கறியும் மீனும் அடித்தட்டில், மூடி போட்ட டப்பாவில். சமைத்தது மேலே. பச்சை மீனை ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அதற்குள் சமைக்க முடியாது என்றால் வாங்கின அன்றே ஒரு வேளைக்கு ஆகிற அளவாகப் பிரித்து ஃப்ரீசருக்கு. உறைந்ததை இளக வைப்பதும் ஃபிரிட்ஜுக்குள்தான், மேடையில் வைத்து அல்ல. உள்ளே நாலு டிகிரிக்கு மேல் போகக்கூடாது.

"நாத்தம் வரலன்னா நல்லா இருக்குன்னு நினைச்சுடாதீங்க. மூக்குக்குத் தெரியறதுக்கு முன்னாடியே கெட்டுடும். சில மீன்ல வர்ற கெடுதல் கொதிக்க வச்சாலும் போகாது. உங்க ஃபிரிட்ஜ் எத்தனை டிகிரியில இருக்கு?"

"நாலு" என்றார் இவர், கையைக் காட்டி.

அந்த அம்மா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன தெர்மாமீட்டரை எடுத்துக் கொடுத்தார். இவர் மரியாதைக்கு வாங்கிக்கொண்டார். அது நேரே பைக்குள், ஸ்பேனர்களுக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்த மறுநாளே மனைவி ஃபிரிட்ஜை நூலகமாக்கிவிட்டாள். ஒவ்வொரு தட்டிலும் துண்டுச்சீட்டு. ஒவ்வொரு டப்பாவிலும் தேதி. ரெண்டு நாள் தாண்டினதை அவளே கூப்பிட்டு, "இவரு கெடு முடிஞ்சு போச்சு, வெளிய அனுப்புங்க" என்பாள். தொற்றுக்குப் பயந்து போட்ட முகமூடிக்கு மேலே அவள் கண்கள் சிரிப்பதைப் பார்க்கவே இவர் வேண்டுமென்று ஒரு டப்பாவை இடம் மாற்றி வைப்பார்.

அதன் பிறகுதான் அன்புத் தொல்லை ஆரம்பித்தது. மருந்து சாப்பிடுகிறவளுக்குச் சத்தாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்று தெருவே கிளம்பியது. வெளியில் சமைத்தது ஆகாது என்று இவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவ்வளவுதானே என்று எல்லோரும் பச்சையாகக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். கறிக்கடைக்காரர், தன் ஃப்ரீசரை ஒரு விடுமுறை நாளில் வந்து உயிர்ப்பித்த நன்றிக்காக, கோழியும் ஆட்டுக்கறியும் அனுப்பினார். தையல்கார அம்மா ஒரு தட்டு முட்டை கொண்டுவந்தார். எதிர்வீட்டு டிரைவர் இரண்டு பாக்கெட் பால் வைத்துவிட்டு, மணி அடித்துவிட்டு, முகம் காட்டாமல் ஓடிப்போவார். வேண்டாம் என்று யாரிடம் சொல்வது? இரண்டு வருடம் ஒருவரும் இல்லை என்று நினைத்துப் படியேறிய மனிதர் அவர். ஒவ்வொரு பொட்டலத்தையும் இரண்டு கையால் வாங்கினார். ஃப்ரீசர் நிரம்பியது. அடித்தட்டு நிரம்பியது. "இன்னும் ஒண்ணு போகும்" என்று தள்ளித் தள்ளி வைத்தார். ஊருக்குத்தான் உபதேசம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கொழுந்தியாள் வந்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் கடை திறந்திருந்தாள். கையில் அகலமான ஒரு டப்பா. அன்று வந்ததிலேயே நல்ல மீன். செதில் சீவி, குடல் எடுத்து, கழுவி, ஈரம் போகத் துடைத்து, துண்டுகளாக அடுக்கியிருந்தாள். அக்கா மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எழுப்பாதீங்க மாமா. நாளைக்குக் கடை லீவு. மதியம் நானே வந்து என் கையால சமைக்கிறேன். மூணு பேரும் உக்காந்து சாப்பிடுவோம். ஆஸ்பத்திரி போனதுலேர்ந்து மூணு பேரும் ஒண்ணாச் சாப்பிடவே இல்ல." படியில் இறங்கிக்கொண்டே திரும்பினாள். "அடித்தட்டுல வைங்க."

அடித்தட்டில் கறிக்கடைக்காரரின் அன்பு அசையாமல் உட்கார்ந்திருந்தது. இவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். மற்றவர்களாக இருந்தால் கதவுப்பக்கத் தட்டில் செருகியிருப்பார்கள். இவர் மெக்கானிக் ஆயிற்றே! குளிர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர். கொழுந்தியாளின் மீனுக்கு வீட்டிலேயே குளிர்ந்த இடம் கிடைக்க வேண்டும் என்று, நடுத்தட்டுப் பாத்திரங்களை நகர்த்தி, காற்று வரும் பின்சுவர்த் துவாரத்துக்கு நேராக டப்பாவைப் பொருத்தி வைத்தார். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. கையை வைத்துப் பார்த்தார். சில்லென்று இருந்தது. "நாலு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

மறுநாள் பத்து மணிக்கு மனைவி அவருக்கு டீ போடலாம் என்று பாலை அடுப்பில் வைத்தாள். பால் திரிந்தது.

"நேத்து வந்த பால்தானே?" என்றாள்.

"பாக்கெட் சரியில்லாம இருக்கும்."

"ரெண்டு பாக்கெட்டுமா?"

அவள் அவருடைய பையை எடுத்து, ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக வெளியே வைத்து, அந்தத் தெர்மாமீட்டரைக் கண்டுபிடித்தாள். ஃபிரிட்ஜில் இருந்த தண்ணீரை டம்ளரில் ஊற்றி, அதில் போட்டு நடுத்தட்டில் வைத்தாள். ஒரு மணி நேரம் இருவரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தார்கள். எடுத்துப் பார்த்தபோது ஒன்பது.

"கருவி பொய் சொல்லுது" என்றார். உள்ளே கையை விட்டார். கண்ணை மூடினார். கை சொன்னது: நாலு. முப்பது வருடம் பொய் சொல்லாத கை.

மெக்கானிக் என்றால் சோதிக்காமல் விடுவாரா? ஐஸ் கட்டிகளைப் பாத்திரத்தில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி, தெர்மாமீட்டரை வைத்தார். ஐஸ் கரைகிற தண்ணீர் பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது. அப்பழுக்கில்லாத பூஜ்யம்.

மனைவி இரண்டு கிண்ணங்களைக் கொண்டுவந்தாள். ஒன்றில் ஃபிரிட்ஜிலிருந்த தண்ணீர். இன்னொன்றில் ஐஸ் போட்டு நாலுக்கு இறக்கிய தண்ணீர். "கண்ணை மூடுங்க" என்றாள். விரல்களை மாற்றி மாற்றி வைத்தாள். "எது ரொம்பக் குளிரு?"

அவர் தப்பாகச் சொன்னார். திரும்பவும் கேட்டாள். திரும்பவும் தப்பு. மூன்றாவது முறை அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

செம்புக் குழாய் பற்றவைத்த நெருப்பு, கொதிக்கிற மோட்டார், ஐஸ் கட்டிகள் என்று எல்லாம் சேர்ந்து எந்த வருடத்தில் அந்தத் தோலை மரத்துப்போகச் செய்தனவோ, அவருக்குத் தெரியாது. யாரும் கருவி வைத்துச் சரிபார்ப்பதை நிறுத்தி வெகு காலமாகிவிட்டது. பெயர் வந்துவிட்டால் அப்புறம் யார் சோதிக்கிறார்கள்?

"எத்தனை வீட்டுல நாலுன்னு சொல்லியிருப்பேன்?" என்றார்.

மனைவி அந்த ஈரக் கையைத் தன் முந்தானையில் துடைத்தாள். "இந்தக் கைதான் ரெண்டு வருஷம் என்னைப் படியேத்துச்சு. அதுக்கு நான் தெரிஞ்சேன்ல, போதும். சூடு குளிர் தெரியலன்னா போகட்டும்."

அவர் எழுந்து ஃபிரிட்ஜைத் திறந்து, மரத்த கையை நம்பாமல் கண்ணால் பார்த்தார். மீன் டப்பா துவாரத்தின் வாயை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. பக்கத்தில் இம்மி இடம் விடாமல் பாத்திரங்கள். குளிர்காற்று நேற்றுக் காலையிலிருந்து டப்பாவின் முதுகில் மோதித் திரும்பிப் போயிருக்கிறது. வேறு எந்த வீட்டில் பார்த்திருந்தாலும் திட்டித் தீர்த்திருப்பார்.

டப்பாவைத் திறந்தார். மீன் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முகர்ந்து பார்த்தார். ஒரு வாடையும் இல்லை. அதுதான் கொடுமை. அழுகியிருந்தால் மனசு ஆறும்.

மணி பன்னிரண்டே கால். கொழுந்தியாள் எந்த நேரமும் வந்துவிடுவாள். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், அவருக்குள் ஒரு குரல் பேசியது: நன்றாகக் கொதிக்க வைத்தால் என்ன ஆகிவிடும்? அவள் உயிரில் பாதியைக் கொடுத்தவள். முதல்முதலாகச் சாப்பிடக் கொண்டுவந்ததைக் குப்பையில் போட்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? பூனை தின்றுவிட்டது என்று சொல்லிவிடலாமா? மூடின ஃபிரிட்ஜுக்குள் எந்தப் பூனை போகும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை.

அறையின் வாசலில் மனைவி நின்றிருந்தாள். "நான் சொல்லட்டுமா?"

"வேணாம். நானே சொல்றேன்."

படியில் காலடி கேட்டது. கொழுந்தியாள் எலுமிச்சம்பழமும் கொத்துமல்லியும் வாங்கிக்கொண்டு, மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாக உள்ளே வந்தாள். "அடுப்பைப் பத்த வைங்க மாமா, பசி உயிர் போகுது."

அவர் நடுவீட்டில் டப்பாவோடு நின்றார். "அந்த மீன் ஆகாதும்மா" என்றார். பிறகு மடை திறந்துவிட்டது. துவாரத்தை அடைத்தது, பால் திரிந்தது, ஒன்பது டிகிரி, கை மரத்தது, எல்லாம் முன்னுக்குப் பின்னாக வந்தன. "நீ அடித்தட்டுலன்னு சொன்ன. நான்தான் பெரிய இவனாட்டம்... நல்ல இடமா இருக்கணும்னு... உன் மீனாச்சேன்னு... என் புத்தியச் செருப்பால அடிக்கணும். நீ அவ்வளவு பெருசு குடுத்த. நான் ஒரு டப்பா மீனைக் காப்பாத்த முடியல."

கொழுந்தியாள் அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கினாள். ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மீன்காரியின் கண்.

"பாத்தா தெரியல" என்றாள் மெதுவாக. "நானா இருந்தா சமைச்சிருப்பேன்."

டப்பாவை மூடினாள்.

"மாமா, வயித்தைக் கிழிச்சு உள்ள இருந்ததையே எடுத்துக் குடுத்தவ நான். வெளிய கிடக்குற மீனுக்கா அழுவேன்? இதை நீங்க சொல்லாம விட்டு, நான் சமைச்சு, என் கையாலயே அவளுக்கு ஊட்டியிருந்தா..." அவள் நிறுத்தினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "குப்பைப் பையைக் கொண்டாங்க, நிக்காதீங்க" என்றாள்.

மூவருமாக ஃபிரிட்ஜைக் காலி செய்தார்கள். கல்லாக உறைந்திருந்த ஃப்ரீசர் பொட்டலங்கள் மட்டும் தப்பின. கறிக்கடைக்காரரின் கறி போயிற்று. நேற்றுச் சமைத்து மிஞ்சியது போயிற்று. நல்ல சாப்பாட்டைக் கொட்டும்போது கொண்டுவந்தவர்கள் ஒவ்வொருவர் முகமும் நினைவுக்கு வந்தது. கொழுந்தியாள் அடித்தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். குனிந்தபோது ஒரு கையால் விலாப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். அதை அவர் பார்த்துவிட்டார். துணியைப் பிடுங்கித் தானே தேய்த்தார்.

மனைவி ஒரு சீட்டு எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்: 'பார்க்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரவும். நீங்கள் வருவதே சத்து.' தையல்கார அம்மா மறுவாரம் அதைப் படித்துவிட்டு, வெறுங்கையோடு வந்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். முட்டையே தேவலை என்று இவருக்குத் தோன்றியது.

அன்று மதியம் உருளைக்கிழங்கை வேகவைத்து, சோறு வடித்து, கடைக்கு ஓடி வாங்கிவந்த புது முட்டையைக் கெட்டியாக அவித்து, கொழுந்தியாளின் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து சாப்பிட்டார்கள். சாதாரணச் சாப்பாடு. மனைவி இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். இரண்டு வருடமாக அவள் எதையும் இரண்டாவது முறை கேட்டதில்லை. அக்காவும் தங்கையும் யார் அதிகம் உருளைக்கிழங்கு எடுத்தது என்று சின்ன வயசுச் சண்டையைப் போட்டார்கள். இவர் தன் தட்டைப் பார்த்துக்கொண்டு, இந்த நிமிடம் இப்படியே இருக்கட்டும் என்று நினைத்தார்.

சாப்பிட்டுவிட்டு இருவரும் அறையில் படுத்தார்கள். இவர் சமையலறையில் நாற்காலியைப் போட்டு, ஃபிரிட்ஜில் இருந்த தண்ணீரையே ஒரு டம்ளரில் ஊற்றித் தெர்மாமீட்டரை வைத்து, காவல் உட்கார்ந்தார். துவாரத்துக்கு முன்னால் இப்போது ஒரு சாண் வெறும் இடம். விசிறி சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. முதலில் எட்டு. ஒரு மணி நேரம் கழித்து ஆறு. அப்புறம் ஐந்து. அவருக்குக் கையை உள்ளே விட வேண்டும் போல் ஒரு நமைச்சல். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

நாலே முக்காலுக்குத் திறந்தபோது, நாலு. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். நாலுதான்.

டம்ளரையும் கையோடு எடுத்துக்கொண்டு அறை வாசலுக்கு ஓடினார். இருவரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பகல் வெளிச்சத்தில் ஒரே சாடை. அக்கா முகமூடியோடு. தங்கை பக்கவாட்டில் திரும்பி, தழும்பின் மேல் கையை வைத்துக்கொண்டு. மனைவியின் கன்னத்தில் இரண்டு வருடத்துக்கு முன் இருந்த நிறம் திரும்பியிருந்தது. அதைக் கொடுத்தது அந்தப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவள். விழித்திருக்கும்போது வராத சொல், அவர்கள் தூங்கும்போது தானாக வந்தது.

"ரொம்ப நன்றிம்மா" என்றார், தனக்கே கேட்காத குரலில். "என் வீட்டை எனக்குத் திருப்பிக் குடுத்துட்ட. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மீன்காரி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால், சமையலறையில் விரியத் திறந்து கிடந்த ஃபிரிட்ஜின் மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"கேட்டுச்சு மாமா" என்றாள். அந்த ஒரு கண் கலங்கியிருந்தது. "கதவைச் சாத்திட்டுப் பேசுங்க. குளிர் போகுது."